தண்டவாளமும் டைம்லைனும்

எந்த ஒலியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். குக்கர் விசில், மீன் சந்தை இரைச்சல், மாடிப்படியில் ஆள் ஏறும் சத்தம், எதுவானாலும் சரி. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, எஃபெக்ட் பட்டியலில் பால்ஸ்ட்ரெட்ச் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஐம்பது மடங்கு நீட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் மெல்ல அலையாடும் பிரம்மாண்டமான ஒரு ஒலிப்பரப்பு கிடைத்துவிடும். மேலே கொஞ்சம் ரிவெர்ப் போட்டால் மாதாகோயிலில் கூட்டமாகப் பாடுவது போல இருக்கும். 'காவிரி, அதிகாலை' என்று பெயர் வைத்து இணையத்தில் ஏற்றிவிடலாம். குக்கர் விசிலுக்கும் காவிரிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் காதால் கண்டுபிடிக்க முடியாது.

இப்படி ஆவதற்குக் காரணம் பால்ஸ்ட்ரெட்ச் நிரலின் வயிற்றிலேயே இருக்கிறது. ருமேனிய நிரலாளர் நாஸ்கா ஒக்டாவியன் பால் எழுதியது அது. ஒலியைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொள்ளும். அந்த அதிர்வுகள் ஒன்றுக்கொன்று எந்த நிலையில் நின்றன என்ற செய்தியை, இயற்பியல் வகுப்பில் 'கட்டம்' என்று படித்தோமே அதை, குலுக்கிப் போட்டுவிடும். ஒரு ஒலியை இன்னாரென்று நாம் அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் தொடக்கத்தை வைத்துத்தான். 'டக்' என்று விழும் முதல் சில மில்லிநொடிகள் அவை. கட்டத்தைக் குலுக்கினால் அந்த 'டக்' பஞ்சாகப் பரவிக் காணாமல் போகிறது. 2010இல் ஜஸ்டின் பீபரின் ஒரு பாட்டை எட்டு மடங்கு மெதுவாக்கி ஒருவர் வெளியிட்டார். தேவலோக இசை என்று இணையம் வியந்தது. வேறு எந்தப் பாட்டைக் கொடுத்திருந்தாலும் ஏறக்குறைய அதே தேவலோகம்தான் திறந்திருக்கும். பாராட்டு நிரலுக்குப் போகவேண்டியது.

பதிவுசெய்த ஒலிகளைக் கொண்டு கணினியில் கட்டும் ஒலிச்சூழல் படைப்புகளை எடைபோடும்போது நான் கேட்கும் முதல் கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. மூல ஒலி இந்தப் படைப்பில் எதையாவது தீர்மானித்ததா? அதை எடுத்துவிட்டு வேறொன்றை அந்த இடத்தில் வைத்தால் படைப்பு உடைகிறதா, அப்படியே நிற்கிறதா? உடையாவிட்டால் அது மென்பொருளின் விளம்பரம். தூய்மைவாதிகள் வேறொரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: எவ்வளவு குறைவாகக் கைவைத்தாய் என்பது அது. மைக்கை எந்தப் பக்கம் திருப்பினோம், எப்போது பதிவை நிறுத்தினோம் என்பதிலேயே கைவைப்பு தொடங்கிவிடுகிறது. ஆகவே அந்த அளவுகோலில் எனக்கு நம்பிக்கை இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம், நீட்டலாம், திருப்பலாம். வெட்டிய பிறகும் அந்த ஒலிக்குச் சொல்ல ஏதாவது மிச்சமிருக்கிறதா என்பதே கணக்கு.

இந்த அளவுகோலை ரயிலில் வைத்துப் பார்க்கிறேன். காரணம், இந்தக் கலை பிறந்ததே ரயிலில். அதன் மிகச் சிறந்த அண்மைக்காலப் படைப்புகளில் ஒன்றும் ரயில்தான். 1948இல் பாரிசில் பியேர் ஷேஃபர் செய்த 'எத்யூட் ஓ ஷெமேன் த ஃபேர்', அதாவது ரயில்பாதைப் பயிற்சி. 2011இல் லண்டனின் 'டச்' என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட கிறிஸ் வாட்சனின் 'எல் திரேன் ஃபந்தாஸ்மா', பேய் ரயில். இடையே 63 ஆண்டுகள். முன்னது ஏறக்குறைய 3 நிமிடம், பின்னது முழு ஆல்பம்.

ரயிலுக்கு என்ன அப்படி ஒரு தகுதி? அதன் ஒலி ஏற்கெனவே பாதி இசை. பழைய பாணித் தண்டவாளம் சுமார் 12 மீட்டர் துண்டுகளாக இணைக்கப்பட்டது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 16.7 மீட்டர், அப்படியானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 83 இணைப்புகளை ஒரு சக்கரம் தாண்டும். ஒரு பாட்டுக்கு உகந்த நிதானமான தாளகதி அது. சக்கரங்கள் அடுத்தடுத்து ஜோடியாக வருவதால் ஒவ்வொரு அடியும் 'தடக் தடக்' என இரட்டிக்கிறது. வண்டி வேகமெடுத்தால் லயமும் வேகமெடுக்கும், வளைவில் திரும்பினால் கிறீச்சென்று ஒரு மேல்ஸ்தாயி, எதிரே வரும் வண்டியின் ஊதல் தாண்டிப்போகையில் சுருதி இறங்கும். எலக்ட்ரானிக் இசைக்காரர் சீக்வென்சரில் உட்கார்ந்து செய்வதையெல்லாம் இரும்பு தானாகச் செய்கிறது. இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். புதிய பாதைகளில் அந்தத் தடதடப்பு கேட்பதே இல்லை. ரயில் என்றதும் குழந்தைகள் 'தடக் தடக்' என்று வாயால் சொல்வது இன்னும் எத்தனை தலைமுறைக்குத் தொடருமோ தெரியவில்லை.

ஷேஃபர் இசைக் கலைஞராகப் பயின்றவரல்ல. பிரெஞ்சு வானொலியின் பொறியாளர். பாரிசின் பாடிஞோல் பணிமனைக்கு ஒலிப்பதிவு வண்டியோடு போய் நீராவி எஞ்சின்களைப் பதிவுசெய்தார். காந்த நாடா அவர் கைக்கு வருமுன்னான காலம் அது. பதிவு இசைத்தட்டில், வெட்டி ஒட்ட வழி கிடையாது. அவர் கண்ட உத்தி, தட்டின் சுருள் வரியை வட்டமாக மூடிவிடுவது. ஊசி அதே வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஒரே துண்டை ஒலிக்கும். இன்று எல்லா ஒலித்தொகுப்பு மென்பொருளிலும் ஒரு பொத்தானாக இருக்கும் லூப் என்பதன் தாத்தா இந்த மூடிய வரிதான். இரண்டாவது உத்தி மணியை வைத்து. மணியடிக்கும் அந்த முதல் அடியை விட்டுவிட்டு, பின்னால் வரும் ரீங்காரத்தை மட்டும் பதிந்தார். மணி மணியாக இல்லாமல் ஏதோ ஊதுகருவி போல ஆனது. பால்ஸ்ட்ரெட்ச் இன்று செய்வதன் முழுத் தத்துவமும் அந்த வெட்டுப்பட்ட மணிக்குள் அப்போதே இருந்தது.

ரயில்பாதைப் பயிற்சி 1948 அக்டோபர் 5 அன்று வானொலியில் ஒலிபரப்பானது, 'இரைச்சல் கச்சேரி' என்ற தலைப்பில் வந்த ஐந்து பயிற்சிகளில் ஒன்றாக. இன்று கேட்டால் முதலில் தோன்றுவது அதன் அவசரம். ஊதல், சக்கரத் தாளம், நீராவிப் பெருமூச்சு, மறுபடி தாளம் என்று தட்டுக்குத் தட்டு தாவுகிறது. வண்டி எங்கும் போவதில்லை. கிளம்புகிறது, கிளம்புகிறது, கிளம்பிக்கொண்டே இருக்கிறது. ஷேஃபருக்கு வேண்டியதும் அதுதான். ரயிலை மறந்து லயத்தையும் நிறத்தையும் மட்டும் கேள் என்கிறார். எங்கிருந்து வந்தது, என்ன பொருள் தருகிறது என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒலியை ஒலியாக மட்டும் கேட்கும் இந்த முறையைப் பின்னாளில் பெரிய கோட்பாடாகவே எழுதினார்.

ஆனால் ரயில் மறைய மறுத்துவிட்டது. பயிற்சியில் ரயில் ரயிலாகவே கேட்கிறது. ஷேஃபருக்கே இது உறுத்தியது. அடுத்தடுத்த படைப்புகளில் மூலம் தெரியாத ஒலிகளை நோக்கி நகர்ந்தார். முதுமையில் தந்த நேர்காணலில் ச ரி க மவுக்கு வெளியே இசை கிடையாது என்ற பொருள்படப் பேசி, தன் வாழ்நாள் வேலையையே கைகழுவினார். நான் அவர் பக்கம் நிற்கவில்லை. அவர் தோல்வி என்று நினைத்ததுதான் அந்த மூன்று நிமிடங்களை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது. என் சோதனையில் அது தேறுகிறது: ரயிலை எடுத்துவிட்டு ஆலை இயந்திரத்தை வைத்தால் அந்தப் பயிற்சி நிற்காது. ஆனால் படைப்பாக அது ஒல்லி. கருத்து பெரியது, கட்டுமானம் சின்னது. வரலாற்று நூல்கள் அதற்குக் கொடுக்கும் இடம் அதன் காலத்துக்குக் கொடுக்கும் இடம். காதுக்குக் கொடுக்கும் இடம் அவ்வளவு பெரிதாக இருக்கத் தேவையில்லை.

கிறிஸ் வாட்சன் எதிர்த்திசையிலிருந்து வந்தவர். ஷெஃபீல்டின் காபரே வோல்தேர் என்ற எலக்ட்ரானிக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1981இல் குழுவை விட்டுவிட்டு டைன் டீஸ் தொலைக்காட்சியில் ஒலிப்பதிவாளரானார். பிறகு டேவிட் அட்டன்பரோவின் பிபிசி தொடர்களுக்குப் பறவைகளையும் விலங்குகளையும் பதிவுசெய்தார். காட்டுயிர்ப் படங்களில் காட்சி தொலைதூர லென்ஸில் எடுக்கப்படும், ஒலி அங்கே எட்டாது. எனவே சத்தத்தைத் தனியாகப் பதிந்து காட்சியோடு சேர்ப்பது அத்துறையின் தினசரி வேலை. சிங்கம் மெல்லும் சத்தம் சிங்கத்துடையதுதானா என்று கேட்காமல் இருப்பதே நாகரிகம். நிஜம் போலத் தொனிக்கும்படி ஒலியைக் கட்டுவது எப்படி என்பது இங்கே பழகும். வாட்சனை மதிப்பிட இந்தப் பின்னணி முக்கியம். அவரைக் காட்டின் சாட்சி என்று மட்டும் கொண்டாடுபவர்கள் அவருடைய சூட்சுமத்தைத் தவறவிடுகிறார்கள்.

1990களின் இறுதியில் பிபிசியின் ரயில்பயணத் தொடர் ஒன்றுக்காக மெக்சிகோவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, பசிபிக் பக்கத்து லோஸ் மோச்சிஸிலிருந்து அட்லாண்டிக் பக்கத்து வெராக்ரூஸ் வரை, ஏறக்குறைய ஒரு மாதம் ரயிலில் சுற்றினார் வாட்சன். அரசு நிறுவனமான மெக்சிகோ தேசிய ரயில்வேயின் கடைசிப் பயணிகளில் அவரும் ஒருவர். படப்பிடிப்புக்காகப் பதிந்த ஒலிகள் அப்படியே கிடந்தன. பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவற்றைத் தூசிதட்டி, ஷேஃபரை மனதில் வைத்து ஆல்பமாகக் கட்டினார். இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். பதியும்போது அவர் கையில் இருந்தது ஓடும் ரயில். கட்டும்போது இருந்தது நின்றுபோன ரயில். ஆல்பத்தின் உணர்ச்சி முழுவதும் இந்த வித்தியாசத்திலிருந்து ஊறுகிறது.

பத்து டிராக்குகள். நிலைய அறிவிப்பாளரின் குரலோடு தொடங்கி லோஸ் மோச்சிஸ், சியெரா தாராஉமாரா மலை, எல் திவிசாதெரோ, லா ஹோயா கிராசிங், சிவாவா, அக்வாஸ்காலியென்தெஸ், மெக்சிகோ நகரம், எல் தாஹீன், வெராக்ரூஸ் என்று வரைபட வரிசையில் போகிறது. ஷேஃபர் மறுத்த அனைத்தும் இங்கே திரும்பி வந்துவிட்டன: இடம், பெயர், திசை, போய்ச்சேரும் ஊர். வரிசை எளியது போலத் தெரிந்தாலும் கேட்பவர் நிற்கும் இடம் டிராக்குக்கு டிராக் மாறுகிறது. ஒருமுறை பெட்டிக்குள் இருக்கிறோம், கூரையும் சன்னலும் அதிர்கின்றன. அடுத்த முறை மலைச்சரிவில் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் நடுவே நிற்கிறோம், ரயில் எங்கோ தூரத்துச் செய்தி. லா ஹோயா கிராசிங்கில் வண்டி நம்மை விட்டுவிட்டு நம் எதிரேயே கடந்துபோகிறது. பயணிக்கு இப்படியொரு பயணம் ஒருபோதும் வாய்க்காது. ரயிலுக்குள்ளும் வெளியேயும் ஒரே சமயத்தில் யாரும் இருக்க முடியாது. டைம்லைனில் மட்டும் முடியும். இங்கே பிளக்இன் எதுவும் பெரிதாக வேலை செய்யவில்லை. வெட்டும், ஃபேடரும், வரிசையும் செய்த வேலை இது.

ஒலிநாடகத்துக்கு நெருங்கிய இந்தத் தொகுப்புக் கலையில் வாட்சன் ஏற்கெனவே கைதேர்ந்தவர். 2003இல் வந்த 'வெதர் ரிப்போர்ட்' மூன்று பகுதிகள் கொண்டது, ஒவ்வொன்றும் 18 நிமிடம். அதில் கென்யாவின் மசாய் மாரா புல்வெளியின் 14 மணி நேரப் பகல் பொழுது பதினெட்டே நிமிடத்தில் கழிகிறது. எதையும் வேகப்படுத்தாமல், எதையும் நீட்டாமல், துண்டுக்குத் துண்டு தையல் தெரியாமல் ஒட்டுவதாலேயே. இதற்கும் முன்னோடி உண்டு. ஷேஃபரின் சகாவாக இருந்த லுக் ஃபெராரி, அட்ரியாட்டிக் கடல் தீவொன்றின் வேலா லூகா என்ற மீனவ ஊரில் பல விடியற்காலைகளைப் பதிந்து, 1970வாக்கில் 'ப்ரெஸ்க் ரியேன்' என்ற 21 நிமிட விடியலாகத் தொகுத்தார். ஒரே காலை போலக் கேட்கும். உண்மையில் எந்தக் காலையும் அப்படி இருந்ததில்லை. அந்தக் காலத்தில் பிளேடும் நாடாவும். இன்று ரீப்பரிலோ ஏபிள்டன் லைவிலோ பத்தாவது வகுப்புப் பையன் இதைச் செய்யலாம், செய்தும் பார்க்கிறான். எங்கே வெட்டுவது என்று தெரிந்துகொள்ளும் காது மட்டும் மென்பொருளோடு சேர்ந்து வருவதில்லை.

இனி எல் திவிசாதெரோ. இங்கே வாட்சன் முதன்முறையாக முகமூடியைக் கழற்றுகிறார். செப்புப் பள்ளத்தாக்கின் விளிம்பில் உள்ள நிறுத்தம் அது. பயணிகள் இறங்கி வேடிக்கை பார்க்கும் இடம். டிராக்கோ காட்சிக்குப் பதில் சக்கரங்களை எடுத்துக்கொள்கிறது. தடதடப்பு லூப்பாக இறுகுகிறது, அதன் மேலே உலோக ரீங்காரம் நீண்டு அடுக்கடுக்காக ஏறுகிறது. ஒரு கட்டத்தில் நாம் கேட்பது ரயிலா, இரவு விடுதியில் ஓடும் டெக்னோவா என்று சொல்ல முடிவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஷெஃபீல்டில் விட்டுவிட்டு வந்த எலக்ட்ரானிக் இசைக்காரர் திரும்பி வருகிறார். இயற்கை ஒலி ரசிகர்கள் சிலருக்கு இது துரோகமாகப் படலாம். எனக்கு ஆல்பத்தின் உச்சம் இதுதான். நீட்டிய ரீங்காரத்துக்கு அடியில் 'தடக்' என்ற அடி கரையாமல் நிற்கிறது. ஆகவே மாற்றப்பட்ட ஒலி தன் பிறப்பிடத்தோடு வாக்குவாதம் செய்தபடியே மேலேறுகிறது. பால்ஸ்ட்ரெட்ச் பாணி மிதப்புக்கும் இதற்கும் உள்ள தூரம் இதில் தெளிவாகத் தெரியும். சக்கரத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் இந்த டிராக் கிடையாது.

அதற்குப் பிறகு சில டிராக்குகளில் பிடி தளர்கிறது என்பதையும் சொல்லவேண்டும். திவிசாதெரோ கொடுத்த வாக்கை ஆல்பம் மறுபடி எடுத்துப் பேசவில்லை. ஒருமுறை வெளிப்படையாக இசையமைத்துவிட்டு, மறுபடி ஆவணம் போன்ற முகத்தோடு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். பிரமிடு நகரமான எல் தாஹீனில் ரயிலைவிட வனம் பேசுகிறது, அழகுதான். ஆனால் அந்த அழகு வாட்சனின் வேறு எந்த ஆல்பத்திலும் பொருந்திவிடும். என் சோதனை அங்கே கொஞ்சம் இடறுகிறது.

என் அளவுகோலுக்கு எதிர்க்கட்சியிலிருந்து ஒரு பலமான வாதம் உண்டு. ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ லோபெஸ் 1998இல் 'லா செல்வா' என்ற ஆல்பம் வெளியிட்டார். கோஸ்தாரிகாவில் அதே பெயருள்ள மழைக்காட்டு ஆய்வு நிலையத்தில் பதிந்தது, எழுபது நிமிடம் இடைவிடாது ஓடும். லோபெஸ் சூழலியல் படித்தவர். எந்தத் தவளை எப்போது கத்தும் என்று பாடமே எடுக்கலாம். ஆனால் அவர் கேட்பது நேர்மாறானது: காட்டை மறந்துவிடு, ஒலியை மட்டும் கேள். தன் கச்சேரிகளில் பார்வையாளர்களுக்குக் கண்ணைக் கட்டத் துணிகூடக் கொடுப்பார். இடம் பேசவேண்டும் என்று நான் கோருவது ஒலியைச் சுற்றுலா வழிகாட்டியாக ஆக்கிவிடுகிறது என்பது அவர் தரப்பின் குற்றச்சாட்டாக இருக்கும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 'காவிரி, அதிகாலை' என்ற தலைப்பு செய்யும் மோசடியும் இதே வகைதானே: ஒலி சாதிக்காததைப் பெயர் சாதித்துக்கொள்கிறது.

ஆனால் லோபெஸின் ஆல்பத்துக்கும் 'லா செல்வா' என்றுதான் பெயர். ஊர் பெயர் வேண்டாமென்றால் எண் போட்டிருக்கலாம். மற்ற பல படைப்புகளுக்குப் பெயரே வைக்காதவர்தான் அவர். எழுபது நிமிடமும் தாங்குவதற்குக் காரணம் மழையும் பூச்சியும் தவளையும் தங்களுக்குள் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் விதம். அது அந்தக் காட்டின் ஏற்பாடு. கண்ணைக் கட்டிக்கொண்டாலும் ஏற்பாடு கேட்கும். கோட்பாடு ஒன்று சொல்ல, தட்டு வேறொன்று சொல்கிறது. இந்த இடத்தில் நான் தட்டை நம்புகிறேன்.

வாட்சனை உண்மையாகச் சிக்கவைப்பவர் லோபெஸ் அல்ல, ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப். ஜெர்மனியில் பிறந்து கனடாவில் குடியேறியவர். மர்ரே ஷேஃபர் வான்கூவரில் தொடங்கிய உலக ஒலிச்சூழல் திட்டத்தில் வேலை செய்தவர். (பாரிஸ் ஷேஃபரும் கனடா ஷேஃபரும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு எழுத்துக்கூட்டல். ஆனால் தமிழில் எழுதினால் ஒரே ஆளாகி நம்மைப் படுத்துகிறார்கள்.) வெஸ்டர்காம்பின் 'கிட்ஸ் பீச் சவுண்ட்வாக்' 1989இல் வந்தது, பத்து நிமிடம்கூட இருக்காது. வான்கூவர் கடற்கரையில் பாறையில் ஒட்டிய கொட்டலசுகள் எழுப்பும் நுண்ணிய சொடுக்கொலியைப் பதிய முயல்கிறார். பின்னால் நகரம் உறுமுகிறது. அப்போது அவரே பேசுகிறார். நகரம் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்கிறார். ஸ்டுடியோவில் ஃபில்டர் போட்டு நகரத்தை அழித்துவிடலாம், அது இல்லாதது போல பாவனை செய்யலாம் என்கிறார். சொல்லிக்கொண்டே அதைச் செய்தும் காட்டுகிறார். நம் காதுமுன்னால் நகரம் மறைகிறது. மந்திரவாதி தன் சட்டைக்கையை மடித்துக் காட்டிவிட்டு முயலை எடுத்தால் எப்படியோ அப்படி.

இந்த ஒரு செய்கையை எடுத்துக்கொண்டு வாட்சனிடம் திரும்பினால் பேய் ரயிலில் ஒரு குறை பளிச்சென்று தெரிகிறது. அவர் தன் கையை மறைக்கிறார். திவிசாதெரோவைத் தவிர வேறெங்கும் கட்டியது தெரியாமல் கட்டியிருக்கிறார். கேட்பவர் இதை நடந்த பயணமாகவே எடுத்துக்கொள்வார். வெஸ்டர்காம்ப் எல்லா இடத்திலும் இவ்வளவு வெளிப்படை என்றும் சொல்லமாட்டேன். புதுதில்லியின் தெரு வியாபாரிகளின் கூவல்களை வைத்து 1997இல் அவர் செய்த படைப்பில், நமக்குக் காய்கறி விலையாகக் கேட்பது அவருக்குச் சடங்கு மந்திரம் போலக் கேட்கிறது. அந்நியச் செவியோடு வந்திருப்பதை அவர் ஒளிக்கவில்லை என்பதால் பொறுத்துக்கொள்கிறேன். கிட்ஸ் பீச்சில் அவர் எட்டிய இடத்தை வாட்சன் எட்டவில்லை என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. இசையாக வாட்சனுடையது வளமானது. சிந்தனையாக வெஸ்டர்காம்புடையது ஒருபடி மேலே.

மூல ஒலி எதையாவது தீர்மானித்ததா என்ற கேள்வி இன்று இன்னும் கூர்மையாகிவிட்டது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் களஞ்சியத்தில் உலகம் முழுவதிலுமிருந்து ரயில் சத்தம் கிடைக்கும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போகாமலேயே ரயில் ஆல்பம் செய்யலாம். இந்த வசதியை எதிர்த்து எலக்ட்ரானிக் இசைக்காரர் மேத்யூ ஹெர்பர்ட் 2000வாக்கில் தனக்குத்தானே ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்: அடுத்தவர் பதிவு கூடாது, கருவியோடு வரும் ஆயத்த ஒலி கூடாது என்று. கடுமையான பத்தியம். எல்லாருக்கும் அதை விதியாக்கத் தேவையில்லை. களஞ்சியத்திலிருந்து எடுத்த ரயிலையும் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுக் கையாளலாம். கேட்காமல் கையாளுவதுதான் ஊரெங்கும் நடக்கிறது. கிரானுலர் சிந்தசிஸ் இதற்கு நல்ல உதாரணம். ஒலியை நொடியின் நூறில் ஒரு பங்கு அளவிலான மணிகளாக நொறுக்கி மேகமாகத் தூவும் முறை அது. 1986இல் இசையமைப்பாளர் பாரி ட்ரூவாக்ஸ் 'ரிவர்ரன்' செய்தபோது அது ஒரு கண்டுபிடிப்பு. துளித்துளியாகத் தொடங்கி ஆறாகப் பெருகும் வடிவமே அந்த உத்தியிலிருந்து பிறந்தது, ஆற்றின் ஒலிப்பதிவு ஒரு சொட்டுகூட இல்லாமல். இன்று அதே முறை பிளக்இன்னில் ஒரு திருகு. திருகினால் மேகம் வரும். எதன் மேகம் என்று கேட்டால் பதில் வராது.

பேய் ரயிலின் மேல் எனக்குள்ள பெரிய குறை இந்தத் தொழில்நுட்ப விவகாரங்களைவிடக் கனமானது. மெக்சிகோ ரயில்வே 1937இல் லாசரோ கார்தெனாஸ் அதிபராக இருந்தபோது தேசியமயமானது. 1995இல் அரசியலமைப்பையே திருத்தித் தனியாருக்கு வழி திறந்தார்கள். சரக்கு வண்டியில் லாபம், பயணி வண்டியில் நஷ்டம். புதிய உரிமையாளர்கள் பயணி வண்டிகளைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். பயணிகள் போகாத அதே தண்டவாளங்களில் மத்திய அமெரிக்க ஏழைகள் சரக்குப் பெட்டியின் கூரையேறி வடக்கே போனார்கள். அந்த வண்டிகளுக்கு 'மிருகம்' என்று பெயரே வைத்தார்கள். ஆல்பத்தில் இதன் சுவடு இல்லை. மனிதப் பேச்சே அரிது. ரயில் ஏன் பேயானது, யார் ஆக்கினார்கள், இறங்கிப்போன பயணிகள் பிறகு எதில் ஊர் போனார்கள் என்ற கேள்விகள் எதுவும் இந்த அழகிய தடதடப்புக்குள் நுழையவில்லை. இழப்பு இருக்கிறது, இழந்தவர்கள் இல்லை. ஒலியால் அரசியல் வரலாறு சொல்ல முடியாது என்று சமாதானம் சொல்லலாம். அறிவிப்பாளரின் குரலை முதல் டிராக்கில் வைக்கத் தெரிந்தவருக்கு ஒரு பயணியின் குரலை எங்கே வைப்பது என்றும் தெரிந்திருக்கும்.

ஆகவே தீர்ப்பு ஒரே வரியில் வராது. ஷேஃபரின் பயிற்சியைவிட வாட்சனின் ஆல்பம் பெரிய படைப்பு. ரயிலை விலக்கினால் இசை கிடைக்கும் என்பது ஷேஃபரின் நம்பிக்கை; வாட்சன் ரயிலை விலக்காமலேயே அதே இசையை, அதுவும் ஷேஃபரின் லூப்பைக் கொண்டே, திவிசாதெரோவில் எடுத்துக்காட்டிவிட்டார். அந்த ஒரு டிராக்குக்கும், இடம்விட்டு இடம் தாவும் அந்தத் தொகுப்புக்கும் ஆல்பத்தைச் சேகரத்தில் வைத்துக்கொள்ளலாம். நீட்டுவதையே கலை என்று நம்பும் ஆயிரக்கணக்கான மிதப்புப் பதிவுகளுக்கு இது தேவையான மறுப்பும்கூட.

ஆனால் சாட்சியாக அந்த ஆல்பத்தை ஏற்க மாட்டேன். லோஸ் மோச்சிஸிலிருந்து திவிசாதெரோ வழியாகச் சிவாவா வரை போகும் பாதை 1961இல் முடிந்தது, 650 கிலோமீட்டருக்கு மேல் நீளம். தனியார்மயத்துக்குப் பிறகும் அங்கே பயணி வண்டி நிற்கவில்லை. எல் செப்பே என்ற பெயரில், பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளை நம்பி, இன்றும் ஓடுகிறது. நின்றுபோனது நாடு முழுதையும் இணைத்த வலை. ஆல்பத்தின் முதல் பாதி கடக்கும் தடமோ இன்னும் பயணிகளைச் சுமக்கிறது. அந்தப் பாதியில் வாட்சன் நம்மை நம்பவைத்த பேய் எடிட்டிங் மேசையில் பிறந்தது. இசையமைப்பாளருக்கு அதைப் பாராட்டாகவும், ஒலிப்பதிவாளருக்குக் குறையாகவும் எழுதிவைக்கிறேன்.